வழக்கமான பராமரிப்பு

2023 நவம்பரில் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். எங்களிடம் இளங்கலைத் தமிழ் படித்துவிட்டு, சமூகப்பணியில் முதுகலை முடித்தவள். "அம்மா, மலையில பெண்களுக்குப் பரிசோதனை முகாம் வைக்கிறாங்க. துண்டறிக்கையோட தமிழை மட்டும் கொஞ்சம் பார்த்துத் தரணும்" என்றாள். எந்த மலை என்று கேட்டேன். ஏற்காடு, கிளியூர்ப் பக்கம் என்றாள். நான் பிறந்த ஊர் அது என்று அவளுக்குத் தெரியாது. வகுப்பில் நான் அதைச் சொன்னதே இல்லை.

துண்டறிக்கை வாட்ஸ்அப்பில் வந்தது. "கருப்பை வாய்ப் புற்றுநோயை ஆரம்ப நிலையிலேயே கண்டறிய வி.ஐ.ஏ. பரிசோதனைக்குத் தங்களை உட்படுத்திக்கொள்ளவும்" என்று தொடங்கியது. தமிழாசிரியையின் புத்தி எங்கே போகும்? முதலில் விடுபட்ட ஒற்றுகளைப் போட்டேன். இரண்டு இடத்தில் ப், ஓரிடத்தில் க். பிறகு "உட்படுத்திக்கொள்ளவும்" என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். நம் பெண்கள் எதற்கெல்லாம் உட்படுகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் அதில் இதுவும் ஒன்றாகிவிடும். அதை அடித்துவிட்டு "செய்துகொள்ளுங்கள்" என்று எழுதினேன். மேற்கொண்டு நகர முடியவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

என் அம்மா 2002 தை மாதம் இறந்தாள். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இந்தக் கட்டுரையை எழுதும் எனக்கும் இப்போது அதே வயது. கிளியூரில் ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தாள். பழம் இல்லாத மாதங்களில் களை வெட்டினாள், மிளகுக் கொடிக்கு ஏணி பிடித்தாள். நான் சேலத்தில் விடுதியில் தங்கி எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குப் போனபோது லயன் வீட்டுக்குப் பின்னால் கொடியில் கிழிந்த சேலைத் துண்டுகள் காய்வதைப் பார்த்தேன். கேட்டதற்கு, "நிக்கிற வயசு, அப்படித்தான் போகும்" என்றாள். அதற்கு முன்பே இரண்டு வருடமாக வெள்ளைப்பாடு இருந்திருக்கிறது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறாள். சூடு என்ற ஒரு சொல்லுக்குள் நம் ஊர்ப் பெண்கள் எத்தனை நோயைப் பொதிந்து வைத்திருக்கிறார்கள்! கண் எரிச்சலிலிருந்து கருப்பை வரை எல்லாம் சூடுதான், எல்லாவற்றுக்கும் வெந்தயம்தான்.

கடைசியில் சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அந்த மருத்துவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "கூட ஆம்பளை யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார். அப்பாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். அப்பா வெளியே வந்து என்னிடம், "கட்டியாம். கரண்டு வைக்கணுமாம்" என்றார். கதிர்வீச்சுக்கு நம்மூரில் அதுதான் பெயர். கோப்பில் ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்தும் மூன்றாம் நிலை என்பதற்கான ரோமன் எண்ணும் இருந்தன. எனக்கு அது புரிய ஒரு வாரம் ஆனது. அம்மாவிடம் கடைசி வரை யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லின் மீது ஆய்வு செய்கிறவள் என்று பெயர், பெற்றவளிடம் ஒரு சொல்லைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

அப்போது நான் ஐங்குறுநூற்றின் மருதத் திணையில் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அதில் ஓரம்போகியார் பாடிய கள்வன் பத்து என்று ஒன்று உண்டு. கள்வன் என்றால் நண்டு. பத்துப் பாட்டிலும் வயல் நண்டு வருகிறது. நண்டு பிறக்கும்போதே தாய் செத்துப்போகும் என்றொரு நம்பிக்கையை அவற்றுள் ஒரு பாட்டு சொல்கிறது. என் ஆய்வேட்டில் இந்த நம்பிக்கைக்கு முக்கால் பக்கம் அடிக்குறிப்பு எழுதியிருக்கிறேன். கேன்சர் என்ற சொல்லுக்கு லத்தீனில் நண்டு என்றுதான் பொருள் என்பதும், கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகளைப் பார்த்துக் கிரேக்க மருத்துவர்கள் அப்படிப் பெயரிட்டார்கள் என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தன. நல்லவேளை, அப்போது தெரிந்திருந்தால் அதையும் அடிக்குறிப்பில் சேர்த்திருப்பேன்.

தமிழில் நாம் புற்று என்கிறோம். வெளியே சின்ன மேடு, உள்ளே எங்கெங்கோ போகும் வளைகள். மருத்துவமாகப் பார்த்தால் நண்டைவிடப் புற்று பொருத்தமான பெயர். ஆனால் நம் பெண்களுக்குப் புற்று என்றால் அம்மன். மஞ்சள் பூசி, பால் ஊற்றி, முட்டை வைத்துக் கும்பிடுகிற இடம். ஒரே சொல்லில் சாமியும் சாவும் இருக்கும்போது, வீட்டில் யாரும் அதை உரக்கச் சொல்லாததில் ஆச்சரியம் என்ன?

துண்டறிக்கையைத் திருத்த முடியாமல் போனதால் வேறொன்று செய்தேன். வி.ஐ.ஏ. என்றால் என்ன என்று தேடப் போனேன். எங்கள் கல்லூரி விலங்கியல் துறைத் தோழி ஒருத்தி, "துண்டறிக்கையை விடு, மூலத்தைப் படி" என்று சொல்லி இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்தாள். ஒன்று 2004 இல் இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் கேன்சர் என்ற இதழில் வந்தது. இன்னொன்று 2007 இல் லான்செட்டில். சங்க இலக்கிய உரைகளைப் படித்துப் பழகிய எனக்கு ஆய்விதழின் நடை பெரிய சிரமமாக இல்லை. அங்கும் சுருக்கம், மேற்கோள், மறுப்பு எல்லாம் உண்டு. இல்லாதது ஒன்றுதான், 'நான்' என்கிற ஆள். எல்லாம் செயப்பாட்டு வினை. பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், பிரிக்கப்பட்டார்கள், பரிசோதிக்கப்பட்டார்கள்.

இரண்டுமே திண்டுக்கல் மாவட்டத்தைப் பற்றியவை. சேலத்திலிருந்து கரூர் வழியாகப் பேருந்தில் நாலு மணி நேரத்தில் போய்விடலாம். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் உள்ள ஒரு மருத்துவமனையும், பிரான்சில் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்திய ஆய்வு. ஆர். சங்கரநாராயணன் தலைமை. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள். 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கிப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். 57 இல் பரிசோதனை, மற்ற 57 இல் இல்லை. பரிசோதனை செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற செவிலியர்கள். நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது நம் ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர் மாதிரி ஒன்று, அதைப் பஞ்சில் தொட்டுக் கருப்பை வாயில் வைக்கிறார்கள். ஒரு நிமிடம் காத்திருக்கிறார்கள். கெட்டுப்போகத் தொடங்கிய திசு இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். அவ்வளவுதான். அதைப் பார்க்க வெறுங்கண்ணும் நல்ல விளக்கும் போதும். வெளுத்திருந்தால் வேறு கருவி வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழித்துவிடலாம்.

பரிசோதனைக் குழுவில் 49,311 பெண்கள். அவர்களில் 31,343 பேர் 2000 முதல் 2003 வரை வந்து பரிசோதித்துக்கொண்டார்கள். பத்தில் ஒருவருக்கு வெளுப்பு தெரிந்தது. அப்படித் தெரிந்த எல்லோருக்கும் நோய் என்று அர்த்தமில்லை. 2006 வரை தொடர்ந்து பார்த்ததில், இந்த ஊர்களில் நோய் வருவது 25 விழுக்காடும் இந்த நோயால் சாவது 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒரே ஒரு தடவை, ஒரு நிமிடம், கொஞ்சம் வினிகர்.

தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 2000 முதல் 2003. அம்மா வெந்தயம் ஊறவைத்துக் குடித்த வருடங்கள். நாலு மணி நேரத் தொலைவில் ஒரு செவிலி, அம்மா வயதுள்ள ஒருத்தியிடம் "கொஞ்சம் இருங்க, ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இன்னொரு குழுவுக்கு ஆய்விதழில் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் கட்டுப்பாட்டுக் குழு என்று மொழிபெயர்க்கிறோம். குடும்பக் கட்டுப்பாடு, ஊர்க் கட்டுப்பாடு, சாதிக் கட்டுப்பாடு என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தச் சொல் வேறு மாதிரி ஒலிக்கிறது. அந்தக் குழுவில் 30,958 பெண்கள். அவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு அளிக்கப்பட்டது என்கிறது கட்டுரை. வழக்கமான பராமரிப்பு என்றால் பரிசோதனை கிடையாது, வலியோ இரத்தமோ வந்தால் மருத்துவமனைக்குப் போகலாம் என்று பொருள். அந்தக் குழுவில் இந்த நோயால் இறந்தவர்கள் 92 பேர். பரிசோதனைக் குழு ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரியது, அதில் இறந்தவர்கள் 83.

இந்த 92 பற்றிக் கேள்வி எழாமல் இல்லை. மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆகிய மூன்று இடங்களிலும் இதுபோல நடந்த ஆய்வுகளில் பரிசோதனை இல்லாத குழுக்களில் குறைந்தது 254 பெண்கள் இறந்ததாகக் கணக்கிட்டு, அமெரிக்க நோயியல் மருத்துவர் எரிக் சூபா 2014 இல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் எழுதினார். பரிசோதனை உயிர் காக்கும் என்பது பாப் ஸ்மியர் வழியாக முன்பே தெரிந்ததுதானே, பிறகு ஏன் ஒரு குழுவைச் சும்மா விட்டுப் பார்க்க வேண்டும் என்பது கேள்வி. இந்தியாவில் அப்போது யாருக்கும் பரிசோதனை இல்லை, அதனால் அந்தப் பெண்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, செலவில்லாத ஒரு வழி பலன் தருமா என்று நிரூபித்தால்தான் அரசு ஏற்கும் என்பது ஆய்வாளர்கள் பக்கத்துப் பதில்.

இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று நான் பல இரவு யோசித்தேன். கேள்வி கேட்டவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பதில்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது, ஏனென்றால் அது உண்மை. என் அம்மா எந்த ஆய்விலும் இல்லை. யாரும் அவளைக் குலுக்கிப் போட்டு எடுக்கவில்லை. ஆனாலும் அவளுக்குக் கிடைத்தது அதே வழக்கமான பராமரிப்புதான். 92 பெண்களாவது எண்ணப்பட்டார்கள். சேர்வராயன் மலையில் எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்?

அந்த ஆய்வால் ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2007 இல் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் தமிழக அரசு இதே வினிகர் சோதனையை முன்னோட்டமாகத் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுவதும் வந்தது. அப்படியும் 2022 ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள்.

இந்த அறிவியலின் வரலாற்றை அதன் பிறகு ஒரு பைத்தியம் போலப் படித்தேன். எங்கே தொட்டாலும் ஒரு பெண்ணுடல் கிடக்கிறது. இன்றும் உலக ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கும் ஹீலா செல்கள், 1951 இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து அவரைக் கேட்காமல் எடுத்தவை. ஐந்து குழந்தைகளின் தாய், அதே வருடம் 31 வயதில் இறந்தார். பாப் ஸ்மியர் கண்டுபிடித்த பாபனிகொலாவுக்கு வருடக்கணக்கில் மாதிரி கொடுத்தவர் அவர் மனைவி ஆண்ட்ரோமக்கி. சோதனைக்குக் கணவர் பெயர். ஹென்ரியெட்டாவின் செல்களை வளர்த்த ஜார்ஜ் கேயின் ஆய்வகத்தில் பயிற்சி பெற்று வந்த கமல் ரணதிவேதான் மும்பையில், இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில், நாட்டின் முதல் திசு வளர்ப்பு ஆய்வகத்தை அமைத்தார். அவர் பெயரை என் வகுப்பில் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. எனக்கும் போன மாதம் வரை தெரியாதே!

1842 இல் ரிகோனி ஸ்டெர்ன் என்ற இத்தாலிய மருத்துவர் வெரோனா நகரின் இறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, கன்னியாஸ்திரீகளுக்குக் கருப்பைப் புற்று அபூர்வம், மணமான பெண்களுக்கு அதிகம் என்று எழுதினார். காரணம் விளங்க நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1983 இல் ஹரால்ட் சூர் ஹவுசன் ஜெர்மனியில் எச்.பி.வி. 16 என்ற வைரஸை இந்தக் கட்டிகளில் கண்டார், 2008 இல் நோபல் வாங்கினார். உடலுறவில் தொற்றுவது. துண்டறிக்கையில் "பல துணைவர்களைக் கொண்ட பெண்களுக்கு" அபாயம் அதிகம் என்று ஒரு வரி இருந்தது. ஆண்களைப் பற்றி ஒரு வரி இல்லை. வைரஸ் எந்த வழியாக அந்த வீட்டுக்குள் வந்தது என்று கேட்காமல், வந்து சேர்ந்த இடத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வாக்கியம். அதை அடித்துவிட்டு, "ஒரே ஆணுடன் வாழ்ந்த பெண்ணுக்கும் வரலாம். இது யாருடைய ஒழுக்கத்தையும் காட்டுவதல்ல" என்று எழுதினேன். என் அம்மாவுக்காக எழுதிய வரி அது.

முகாமுக்கு ஒரு வாரம் முன்பு திருத்திய துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. மழைக்காலம் என்பதால் ஏரி நிரம்பி, கிளியூர் அருவியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சுற்றுலா வந்தவர்கள் படிக்கட்டில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தி, அம்மாவின் தங்கை, இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

சித்திக்கும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறேழு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். "கருப்பை வாய்ப் புற்றுநோய்" என்று சொன்னதும் ஒரு அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ஆ என்று வாயைத் திறந்து காட்டினார். புகையிலை போடுகிறவர், பேருந்து நிலையத்து விளம்பரம் பார்த்தவர். அவர் காதில் விழுந்தது வாய்ப் புற்றுநோய் மட்டும். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, என் பி.எச்டி. சிரித்தது. (அவரை அந்த வாயையும் காட்டச் சொன்னோம். பாக்கே புற்று உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டு முகமை 2004 இல் வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலை சேராவிட்டாலும்.)

"பையோட வாய்னா எது கண்ணு? எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள் சித்தி. நான் படம் வரைந்தேன். பார்த்துவிட்டு, "அட, புள்ள பொறக்கறப்ப தலை வந்து முட்டுற எடமா? அப்படிச் சொல்ல வேண்டியதுதானே" என்றாள். இன்னொருத்தி, "பையோட கழுத்து" என்றாள். செர்விக்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்குக் கழுத்து என்றுதான் பொருள். அவளுக்கு லத்தீன் தெரியாது, நாலு பிரசவம் தெரியும். துண்டறிக்கையில் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு சித்தி அடுப்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "உங்கம்மாவுக்கு வந்தது இதுதானே?"

ஆமாம் என்றேன். இருபத்தோரு வருடம் கழித்து அந்தப் பெயரை அந்த வீட்டில் முதல்முறையாக முழுதாகச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும். அந்தத் துணியெல்லாம் நான்தானே ஓடையில அலசினேன். நாத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. அக்கா உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. நீ படிக்கற புள்ளயாம்."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று நாங்கள் மறைத்தோம். என்னிடம் சொல்லக்கூடாது என்று அவர்கள் மறைத்தார்கள். நடுவில் அந்தக் கட்டி மட்டும் யாரிடமும் எதையும் மறைக்காமல் வளர்ந்திருக்கிறது.

முகாமில் நானும் படுத்தேன். நாற்பத்தைந்து வயதுவரை இதைச் செய்யாமல் இருந்ததற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. பெண்ணுடல் பற்றி மூன்று தொகுப்பு கவிதை எழுதியிருக்கிறேன், கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். அந்த மேசையில் முழங்காலை மடக்கி விரிக்கச் சொன்னபோது கால்கள் ஒட்டிக்கொண்டன. செவிலிக்கு என் மாணவி வயது இருக்கும். "மேல அந்தக் காலண்டரைப் பாருங்கம்மா, ஒரு நிமிஷம்" என்றாள். பார்த்தேன். ஏதோ ஒரு நகைக்கடை நாட்காட்டி. அந்த ஒரு நிமிடத்தில் அதிலிருந்த கிழமைகளையெல்லாம் எண்ணிவிட்டேன். "ஒண்ணுமில்லம்மா, நல்லாருக்கு" என்றாள்.

எனக்கு அடுத்துப் போனவள் சித்தியின் மகள். முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். வெளியே வர நேரமானது. பிறகு கதவைத் திறந்த செவிலி, "இவங்களுக்கு ஒரு எடத்துல வெளுத்துத் தெரியுது. புற்றுன்னு அர்த்தமில்ல, சேலத்துல போய் இன்னொரு சோதனை பண்ணணும்" என்றாள். பிறகு என் தங்கையைப் பார்த்து, "வீட்டுல யாருகிட்ட விவரம் சொல்லட்டும்?" என்று கேட்டாள். தங்கையின் கணவர் வாசலில் பைக்கில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்டயே சொல்லுங்க" என்றாள் அவள்.

சேலத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். பெரிதாக்கிக் காட்டும் கருவி வைத்துப் பார்த்து, துளி சதை எடுத்து அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. புற்று இல்லை, ஆனால் விட்டுவைத்தால் ஆகக்கூடிய மாற்றம். குளிர் வைத்து எரித்துவிடலாம், வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள். மலைக்குத் திரும்பும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட்டாள். பழம் பறிப்பு உச்சத்தில் இருக்கிற நேரம். வியாழன் போனால் ஒரு நாள் கூலி, மறுநாள் ஓய்வு என்றால் இன்னொரு கூலி. மேஸ்திரி காரணம் கேட்பார். காய்ச்சல் என்று சொல்லிவிடேன் என்றேன் நான்.

அவள் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது வளைவு தாண்டியதும் திரும்பி, "எதுக்குக்கா காய்ச்சல்னு சொல்லணும்? பை கழுத்துல புண்ணு, அதைப் பொசுக்கப் போறேன்னே சொல்லிடறேன்" என்றாள்.